மண்ணுக்குத் துட்டி

சொக்கு பங்குனி மாதம் காய்ச்சலில் செத்தான். அவன் உழுத கொல்லையை அன்றோடு யாரும் தொடவில்லை. குருந்தடியில் அதுதான் வழக்கம்.

குருந்தடி கீரமங்கலத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிக் கிடந்த சின்னக் குடியிருப்பு. இருந்ததெல்லாம் வலையர் வீடுகள். முயலுக்கும் கௌதாரிக்கும் வலை கட்டுவார்கள். அரண்மனைக்காரர்கள் வேட்டைக்கு வந்தால் புதரைத் தட்டி மிருகத்தை விரட்டிக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. கூலிக்குப் பதிலாகக் காட்டு ஓரத்தை வெட்டித் திருத்தி வரகும் கொள்ளும் போட்டுக்கொள்ளலாம், யாரும் வந்து கேட்கமாட்டார்கள். தாத்தன் காலத்துக்கும் முந்தியே வெட்டிய கொல்லைகள் உண்டு. சொக்குவும் மூக்காயியும் கல்யாணமான புதிதில் தாங்களே முள்ளை வெட்டி, தூரைக் கொளுத்தி, கல் பொறுக்கி உண்டாக்கிய கொல்லை அவர்களுடையது. எந்தக் கொல்லைக்கும் பத்திரம் கிடையாது. யாரும் கேட்காமல் இருந்ததே பத்திரமாக இருந்தது.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதியானது. வேட்டைக் காடு சர்க்கார் காடு ஆனது. குருந்தடிக்காரர்களுக்கு முதலில் இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அரண்மனைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், புதர் தட்டுகிற வேலை மிச்சம் என்று நினைத்தார்கள். அளவுச் சங்கிலியோடு ஆள் வந்தபோதுதான் ஏதோ மாறியிருக்கிறது என்று புரிந்தது. அது சொக்கு செத்த பிறகு வந்த ஆவணி.

குருந்தடியில் ஒருவன் செத்தால் வீட்டுக்குப் பதினாறு நாள் துட்டி, சாவுத் துக்கம். அவன் உழுத மண்ணுக்கு ஒரு அடைமழை முடிகிற வரைக்கும் துட்டி. அதுவரை அந்தக் கொல்லையில் ஏர் இறங்காது, மண்வெட்டி படாது. அந்த மண்ணில் கால் வைத்து நின்றுகொண்டு செத்தவன் பேரைச் சொல்லக் கூடாது. மழை முடிந்த பிறகு அவனோடு கூடப் பிறந்தவள் வந்து முதல் வெட்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். அத்தோடு துட்டி கழியும். சுற்று வட்டாரத்தில் வேறு யாருக்கும் இந்த வழக்கம் இல்லை. வெளியில் யாரும் விசாரித்ததும் இல்லை.

அளக்க வந்த சர்வேயர் மரியசெல்வம் வயதில் சிறியவர், பொறுமைசாலி. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க சொக்குவின் தம்பி மலையாண்டியைக் கூட்டிக்கொண்டார். ஒவ்வொரு கொல்லையிலும் நின்று, இது யாருடையது, யார் உழுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். மலையாண்டி எல்லாவற்றுக்கும் பேர் சொன்னான். சொக்குவின் கொல்லைக்கு நடுவில் வந்து நின்றபோது இடுப்பளவு புல் நின்றது.

"இது யாரோடது?"

மலையாண்டி காலுக்குக் கீழே பார்த்தான். "யாரோடதும் இல்லீங்க" என்றான்.

"யாரு உழுவுறா?"

"இப்ப யாரும் உழுவலீங்க."

மரியசெல்வம் கண்ணால் கண்டதும் அதுதான், காதால் கேட்டதும் அதுதான். தரிசு என்று எழுதிக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் போனார்.

கார்த்திகை மாதம் கணக்கப்பிள்ளை ஏகாம்பரம் பிள்ளை சாவடியில் உட்கார்ந்து எந்த நிலம் யார் பேரில் ஏறியிருக்கிறது என்று படித்துக் காட்டினார். பெண்கள் தள்ளி நின்று கேட்டார்கள். எல்லா வீட்டுப் பேரும் வந்தது. சொக்கு வீட்டுப் பேர் வரவில்லை. மூக்காயி கிட்டே போய்க் கேட்டாள். அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, அது தரிசில் இருக்கிறது, தரிசையெல்லாம் காட்டிலாக்கா எடுத்துக்கொண்டு முந்திரி போடப் போகிறது என்றார். பங்குனியில் தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார், ஆட்சேபம் இருந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அவள் நேராக மலையாண்டி வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டான்.

"அதுக்குள்ள நின்னுக்கிட்டு அண்ணன் பேரை எப்படி மதினி சொல்லுவேன்?"

"வரப்புக்கு அங்கிட்டு வந்து நின்னு சொல்லியிருக்கலாம்ல?"

மலையாண்டி ரொம்ப நேரம் யோசித்தான். "அது எனக்குத் தோணல மதினி" என்றான்.

அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் இடத்தில் குருந்தடியில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளே நின்றிருந்தாலும் அப்படித்தான்.

கணக்கப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். மூக்காயிக்கு இருப்பது ஒரே மகள், திருமயம் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. புருஷனும் இல்லை, ஆண் வாரிசும் இல்லை. மலையாண்டியே அண்ணனோடு சேர்ந்து உழுததாகச் சொல்லி அவன் பேரில் எழுதிக்கொள்ளட்டும், தாசில்தாரும் தடை சொல்லமாட்டார், அவள் இருக்கிற வரைக்கும் அவன் சோறு போடுவான் என்றார். மலையாண்டியும் உடனே தலையாட்டினான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன்னால் போனதைத் தானே மீட்டுக் கொடுக்கலாம் என்ற அவசரம்தான்.

மூக்காயிக்கு அது பிடிக்கவில்லை. மலையாண்டி நல்லவன்தான். அவன் பிள்ளைகளும், அவர்களுக்கு வரப்போகிற பெண்டாட்டிகளும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று யார் எழுதிக் கொடுப்பது? சொக்கு செத்ததிலிருந்து விறகு வெட்டியும் அடுத்தவர் கொல்லையில் களை பறித்தும்தான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். காலம் பூராவும் அப்படி இருக்க அவளால் முடியாது.

"கல்லு பொறுக்குனது நானு. எம் பேருலதான் இருக்கணும்" என்றாள்.

அப்படியானால் பங்குனிக்குள் அதில் பயிர் நிற்க வேண்டும், புல் நின்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று கணக்கப்பிள்ளை முடித்துவிட்டார்.

மழை அந்த வருஷம் மார்கழியிலேயே விட்டுவிட்டது. மண் ஈரமாக இருந்தது. எள் விதைக்க அதைவிட நல்ல ஈரம் வேண்டாம். ஆனால் துட்டி எடுக்காத கொல்லைக்கு குருந்தடியில் ஒருவரும் மாடு தரமாட்டார்கள். மூக்காயியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினால், அப்புறம் அவள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவள் வர வேண்டும்.

சொக்குவுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், அழகி. அவளைக் கட்டிய கண்ணுசாமியும் வலையர்தான் என்றாலும் காட்டை விட்டுவிட்டு மீமிசலில் கரைவலை இழுக்கிற கூலிக்குப் போய்விட்டவன். முயல் வலையை விட்டுவிட்டு மீன் வலையைப் பிடித்தவனுக்குப் பெண் கொடுத்தது தப்பு என்று சொக்கு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அழகியின் மகனுக்குக் காது குத்தினபோது தாய்மாமனாகப் போய் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் போகவே இல்லை. அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. அழகி அவன் சாவுக்கும் வரவில்லை.

மலையாண்டி தான் போய் அழைத்துவருவதாகச் சொன்னான். மூக்காயி வேண்டாம் என்றாள். "நீ போனா அவ பேச மாட்டா. நான் போனா திட்டவாவது செய்வா."

கீரமங்கலத்தில் பஸ் ஏறி அறந்தாங்கியில் இறங்கினாள். அவள் பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை. அறந்தாங்கி சந்தையில் கருவாட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு ஏறிக்கொண்டாள். மீமிசல் போய்ச் சேரும்போது மறுநாள் நல்ல வெயில். கடலை அவள் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இல்லை. விசாரித்துக்கொண்டு போனபோது அழகி குடிசைக்கு முன்னால் மணலில் பாய் விரித்து நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அழகி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடியும் குனிந்துகொண்டாள். "வழி தப்பி வந்துட்டீங்களா மதினி?"

"கொஞ்சம் தண்ணி குடு."

"இங்க தண்ணி உப்பாத்தான் இருக்கும். குடிப்பீங்களா?"

"குடு, குடிக்கிறேன்."

அழகி கொண்டுவந்து கொடுத்தாள். மூக்காயி குடித்து முடிக்கிறவரைக்கும் நின்றுகொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தாள். காது குத்தும்போது மாமன் வராததால் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்தியதையும், ஊரார் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவள் முடித்ததும் மூக்காயி, "வந்திருக்கணும். அவருக்கு வீம்பு. நானும் போங்கன்னு சொல்லல" என்றாள்.

"செத்ததுக்காவது சொல்லிவிட்டீங்களா?"

"சொல்லிவிட்டோம். ஒரு கருவாட்டு யாவாரிகிட்ட. அவன் இங்கிட்டு வரவே இல்ல போல. நாங்க நீதான் வரலைன்னு இருந்துட்டோம்."

அழகி கையில் இருந்த மீனைப் பாயில் போட்டாள். அண்ணன் செத்தது அவளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது. அறந்தாங்கி சந்தையில், மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது எவளோ ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, கொண்டுபோனதை விற்காமலே திரும்பி வந்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நெத்திலியைப் பரப்பினார்கள். மூக்காயிக்கு அது எப்படிப் பரப்ப வேண்டும் என்று தெரியவில்லை. அழகி திருத்திக் கொடுத்தாள்.

பிறகு மூக்காயி வந்த காரியத்தைச் சொன்னாள். அழகி முழுவதையும் கேட்டாள். மலையாண்டி சொன்ன பதிலைக் கேட்டதும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். சின்ன அண்ணன் சின்ன வயதிலேயே அப்படித்தான் என்றாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

"நான் வந்து வெட்டிக் குடுத்துட்டு, நீங்க எள்ளு வெதச்சுக்கிட்டு, நான் திரும்பி வந்து இந்த மீனைக் காயப் போடணும். அதுல எனக்கு என்ன இருக்கு மதினி?"

மூக்காயி இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பஸ்ஸிலும் வண்டியிலும் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். "கால்வாசி ஒனக்கு" என்றாள்.

"பாதி. இல்லேன்னா முந்திரியே போடட்டும்."

மூக்காயி மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய கொல்லை ஒன்றும் இல்லை அது. ஒரு ஏர் அரை நாளில் உழுது முடித்துவிடும். அதில் பாதி. ஆனால் இவள் வராமல் போனால் பாதியும் இல்லை.

"சரி. பாதி. தீர்வையும் பாதி நீதான் கட்டணும்."

"பட்டாவே வரல, அதுக்குள்ள தீர்வைக்கு வந்துட்டீங்க" என்று அழகி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று ராத்திரி மூக்காயி அங்கேயே தங்கினாள். கண்ணுசாமி வலை இழுத்துவிட்டு வந்து, மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, போய்விட்டு வா என்று மட்டும் சொன்னான்.

அழகி குருந்தடிக்கு வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை. நேராகக் கொல்லை வரப்பில் போய் நின்று, ஒரு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து அழுதார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை வாங்கி, புல்லோடு சேர்த்து ஒரு வெட்டு வெட்டி, அந்தக் கட்டியை எடுத்து மூக்காயி கையில் கொடுத்தாள். மலையாண்டி அன்று மத்தியானமே ஏர் பூட்டினான். புல் கோரையாக இருந்ததால் மூன்று தடவை உழ வேண்டியிருந்தது. தை முடிவதற்குள் எள் விதைத்தார்கள்.

பங்குனியில் தாசில்தார் வந்தபோது எள் முழங்கால் உயரம் நின்றது, அங்கங்கே பூவும் வைத்திருந்தது. அவர் வெளியூர்க்காரர். கணக்கப்பிள்ளையையும் மரியசெல்வத்தையும் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு விசாரித்தார். மூக்காயி முறை வந்ததும் எழுந்து போய்க் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்தப் பயிருக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பட்டா தருகிறார்கள் என்று தெரிந்ததும் அவசரமாக விதைத்தது என்று சொன்னார். மரியசெல்வமும் உள்ளதைச் சொன்னார். ஆவணியில் புல்தான் இருந்தது, கேட்டதற்கு யாருடையதும் இல்லை என்றுதான் பதில் வந்தது. பதில் சொன்ன ஆள் யார் என்று தாசில்தார் கேட்க, மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அப்பத் துட்டிங்க எசமான். பேரு சொல்லக் கூடாது. இப்பச் சொல்லலாம். சொக்கு. எங்க அண்ணன் சொக்கு வெட்டித் திருத்துன கொல்லைங்க."

தாசில்தாருக்கு இது விளங்கவில்லை. மூக்காயியும் அழகியும் மாறி மாறி விளக்கினார்கள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை. விசாரணைக்குப் போகிற ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் முளைக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். மூக்காயிக்கு அந்த இடத்தில் காரியம் கைவிட்டுப் போய்விட்டது போல இருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, மீதி ஒன்றும் இல்லை.

கீரமங்கலத்து ரத்தினவேல் அங்கே தன் தோட்டத்து எல்லை விஷயமாக வந்து காத்துக்கொண்டிருந்தார். தென்னை, கடலை, மாடு கன்று என்று வசதியான விவசாயி. குருந்தடிக்காரர்களோடு அவருக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. தாசில்தார் அவர் பக்கம் திரும்பி, நீங்கள் பக்கத்து நிலத்துக்காரர், இந்த ஆட்கள் சொல்கிற மாதிரி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார்.

ரத்தினவேல் கொஞ்சம் தயங்கினார். "இருக்குங்க. நானே அதுல மாடு மேய்ச்சிருக்கேன்" என்றார்.

தாசில்தார் புருவத்தை உயர்த்தினார்.

"எளவு விழுந்த கொல்லையில ஒரு மழைக்கு யாரு மாட்டைக் கட்டுனாலும் இவங்க கேக்க மாட்டாங்க. இந்தச் சொக்கு அப்பன் செத்தப்ப அந்தாளு கொல்லையில என் மாடுதான் மேஞ்சுச்சு. போன வருசம் இதுலயும் மேஞ்சுச்சு. சும்மா கெடக்குற புல்லு, விடுவானேன்? மழை முடிஞ்சதும் இந்தம்மாவே வந்து முளைக்குச்சியைப் புடுங்கி மாட்டை அங்கிட்டு ஓட்டி விட்டுருச்சு."

"ஓட்டி விட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"எப்படிங்க சொல்றது? அவுங்க கொல்லை."

தாசில்தார் மரியசெல்வத்திடம், தரிசு என்று போட்டதை அடித்துவிட்டு எழுதச் சொன்னார். யார் பேருக்கு என்று கேட்டார். மூக்காயி வாயைத் திறக்கும் முன்னால் அழகி சொன்னாள், இரண்டு பேர் பேருக்கும், கூடப் பிறந்தவள் பேர் முதலில். கணக்கப்பிள்ளை சிரித்தார். மூக்காயி சிரிக்கவில்லை. பேசினது பாதிதான், முதல் பேர் பற்றிப் பேச்சே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அங்கே வைத்து எதுவும் சொல்லவில்லை.

பட்டா வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் காட்டிலாக்கா கொல்லைகளுக்கு அந்தப் பக்கம் முள்வேலி அடித்து முந்திரிக் கன்று வைத்துவிட்டது. முயல் வலை கட்டக் காட்டுக்குள் போனவர்களைக் காவலர் திருப்பி அனுப்பினார். சில வீடுகள் கூலிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டன. மூக்காயி போகவில்லை. வரகு, கொள்ளு, எள் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஒவ்வொரு அறுவடைக்கும் அழகி மீமிசலிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வருவாள். படி குறைந்தது, பதர் அதிகம், தீர்வை யார் கட்டியது என்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் பாதியை மூட்டை கட்டிக்கொண்டு அழகி போவாள். கருவாடு மூக்காயி வீட்டில் இருக்கும். வெகு காலம் இப்படியே ஓடியது.

அறுபதுகளில் கீரமங்கலம் பக்கம் கரண்டு வந்தது. கிணற்றில் மோட்டார் போட்டவர்கள் புன்செய்யைத் தோட்டமாக்கினார்கள். ரத்தினவேல் இன்னொரு கிணறு வெட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். அழகியின் மகன் சொந்தமாகத் தோணி வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். ஒரு நாள் அறுவடைக் காலம் இல்லாத காலத்தில் அழகி வந்தாள், கூடை இல்லாமல் வந்தாள்.

"எம் பாதியை விக்கப் போறேன் மதினி. ரத்தினவேல் கேக்குறாரு."

மூக்காயி பானையில் இருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தாள். அவள் பதில் சொல்வதற்குள் விஷயம் தெரிந்து மலையாண்டி வந்துவிட்டான். அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று கோபப்பட்டான். குருந்தடி மண்ணை இதுவரைக்கும் ஒருத்தனும் விற்றதில்லை என்று சத்தம் போட்டான்.

"விக்கிறதுக்கு இதுவரைக்கும் எவன்கிட்ட பட்டா இருந்துச்சு?" என்றாள் மூக்காயி.

மலையாண்டி அவளைப் பார்த்தான். அவள் தன் பக்கம் பேசுவாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"பாதி அவளுதுன்னு நாந்தான் சொன்னேன். மீமிசல் மணல்ல உக்காந்து சொன்னேன். இப்ப இல்லேன்னு சொன்னா நான் யாரு?" என்றாள். பிறகு அழகியிடம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள். விற்கிறதுக்கு முன்னால் சர்வேயரைக் கூட்டிவந்து இரண்டாகப் பிரித்துக் கல் நட வேண்டும், தன் பாதிக்குத் தன் பேரில் மட்டும் தனிப் பட்டா வேண்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அழகியே சொல்லட்டும்.

அழகி நீராகாரத்தைக் குடித்துவிட்டு, ரோட்டுப் பக்கம்தான் கிரயம் போகும் என்றாள். மூக்காயி சரி என்றாள். முந்திரி வேலியை ஒட்டிய மேட்டுப் பக்கம் அவளுக்கு வந்தது. அந்தப் பக்கம் கல் கொஞ்சம் அதிகம்.

தாலுகா ஆபீசுக்கு அலைந்ததில் அந்த வருஷம் வரகு விதைப்பு பிந்திவிட்டது. கல் நட்ட அன்றைக்கு அவளே பக்கத்தில் நின்று, குழி சரியான இடத்தில் வெட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். தனிப் பட்டா வந்ததும் கணக்கப்பிள்ளை மகனிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அதை மடித்து, கல்யாணச் சேலை இருந்த பெட்டியில் போட்டாள். மலையாண்டி பல மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் உழவுக்கு மாடு கேட்டபோது ஓட்டிக்கொண்டு வந்தான்.

ரத்தினவேல் ஆட்கள் கிணறு வெட்ட ஆரம்பித்தபோது மூக்காயி கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சௌகரியமாக இருக்கிற பக்கத்தில் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குவியல் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்தது. அவள் எழுந்து போனாள்.

"இது என் கொல்லை. கல்லுக்கு அங்கிட்டுக் கொட்டுங்க" என்றாள்.

மேஸ்திரி அவளையும் கல்லையும் பார்த்தான். பிறகு சரிந்த மண்ணை அள்ளி அந்தப் பக்கம் போடச் சொன்னான். அவர்கள் அள்ளி முடிக்கிறவரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அப்புறம் போய், விட்ட இடத்திலிருந்து களை பறித்தாள்.